நோயாளருக்காகச் செபிப்போம்

நம்மிடையே ஒருவர் நோயுற்றால், சபையின் மூப்பரை அழைத்து எண்ணெய் பூசிச் செபிக்கும்படி யாக்கோபு நிருபம் (5:14) கற்பிக்கிறது. குணமாகாதவரை விசுவாசமற்றவர் என்று நாம் பழிக்கலாகாது. பலரைக் குணமாக்கிய பவுலடியாரே துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாக விட்டுச்செல்ல நேர்ந்தது (2 தீமோத்தேயு 4:20). வீடும் வயலும் இழந்து வந்தவர்மேல் இப்பழியையும் சுமத்தலாமா?

மருந்தை நிறுத்துவதும் விசுவாசமல்ல. நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான்.

பிள்ளைக்கு வயிற்றோட்டமா? செபத்தோடு, கொதித்தாறிய 1 லீற்றர் நீரில் 6 மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாக அடிக்கடி பருக்குவோம். தாய்ப்பாலை நிறுத்தாதிருப்போம். கண் குழிந்தால், பிள்ளை சோர்ந்தால், தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வோம். கூடச் சென்று, அங்கும் செபிப்போம்.