இரட்டை லென்சுக் காமிராவின் திரை பொய் சொல்லுமா?

கழுத்தில் தொங்கவிட்டு, வயிற்றருகே பிடித்து, குனிந்து பார்த்துப் படம் எடுக்கும் பழைய காமிரா ஒன்றை நீங்கள் பார்த்திருக்கலாம். முகப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு லென்சுகள். மேல்மூடியைத் திறந்தால் ஒரு கண்ணாடித் திரை. இதுவே இரட்டை லென்சு ரிஃப்ளெக்ஸ் காமிரா. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஃபிராங்கே அண்ட் ஹைடெக்கே நிறுவனம் 1929-இல் வெளியிட்ட ரோலிஃபிளெக்ஸ் இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது. ஜப்பானின் யாஷிகா, சீனாவின் சீகல் ஆகியவை பின்னர் வந்தவை. இவற்றில் பயன்படும் 120 பிலிம் சுருள் இன்றும் தயாராகிறது. ஆகவே வீட்டுப் பரணில் கிடக்கும் காமிராவைச் சீர்செய்வது வீண் வேலை அன்று.

இதில் அடிக்கடி வரும் ஒரு கோளாறை ஆராய்வோம். திரையில் பிம்பம் கூர்மையாகத் தெரிகிறது; பிலிமைக் கழுவினால் படம் மங்கல். அதிலும் ஒரு விசித்திரம்: வெயிலில் எடுத்தவை நன்றாக இருக்கின்றன, வீட்டுக்குள் எடுத்தவை மட்டுமே கெட்டுப்போகின்றன. "கை ஆடியிருக்கும்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் கையில் இல்லை.

இரண்டு லென்சுகளுக்கும் குவியத் தூரம் ஒன்றே. அதை 75 மி.மீ. என்று கொள்வோம். இரண்டும் ஒரே பலகையில் பொருத்தப்பட்டிருப்பதால், பக்கத்துக் குமிழைத் திருகினால் சேர்ந்தே முன்னும் பின்னும் நகரும். கீழ் லென்சின் ஒளி நேராகப் பிலிமை அடைகிறது. மேல் லென்சின் ஒளி 45 பாகை சாய்ந்த சமதள ஆடியில் பட்டு, மேலே திரும்பித் தேய்த்த கண்ணாடியில் விழுகிறது. மேல் லென்சிலிருந்து ஆடி வழியாகக் கண்ணாடி வரையுள்ள தூரம், கீழ் லென்சிலிருந்து பிலிம் வரையுள்ள தூரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். காமிராவின் நம்பகம் முழுவதும் இந்தச் சமத்தில்தான் இருக்கிறது.

இது குலைவதற்கு ஓர் எளிய வழி உண்டு. தூசி துடைப்பதற்காகத் தேய்த்த கண்ணாடியைக் கழற்றியவர், அதைத் திருப்பிப் போட்டுவிடுகிறார்! சொரசொரப்பான பக்கம் கீழே, ஆடியை நோக்கி இருக்க வேண்டும். பிம்பம் அதில்தான் விழுகிறது. கண்ணாடியின் தடிமன் 1 மி.மீ., ஒளிவிலகல் எண் 1.5 எனில், திருப்பிப் போட்டால் ஒளி கூடுதலாகக் கடக்கும் தூரம், காற்றுக்குச் சமமாகக் கணக்கிட்டால், 1 ÷ 1.5 = 0.67 மி.மீ. நீர்த்தொட்டியின் அடி மேலெழுந்து தெரிவதற்கு வகுப்பில் போட்ட அதே கணக்கு இது.

முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லையே என்கிறீர்களா? 2 மீட்டர் தொலைவில் ஒருவர் நிற்கிறார். லென்சுச் சமன்பாட்டின்படி பிம்பத் தொலைவு 77.92 மி.மீ. ஆனால் திரையைப் பார்த்துச் சரிசெய்யும் உங்களை அது ஏமாற்றி, கீழ் லென்சைப் பிலிமிலிருந்து 77.25 மி.மீ. தொலைவில் நிறுத்தச் செய்கிறது. அது 2.58 மீட்டருக்கு உரிய இடம். ஆள் மங்க, பின்னால் உள்ள சுவர் கூர்மையாகிறது.

வெயிலில் மட்டும் தப்பிப்பது எப்படி? லென்சிலிருந்து வரும் ஒளி ஒரு கூம்பு. அதன் உச்சி பிலிமில் விழாமல் 0.67 மி.மீ. தள்ளி விழுந்தால், பிலிமில் புள்ளிக்குப் பதில் சிறு வட்டம் உண்டாகும். அதன் விட்டம் ஏறக்குறைய, பிழையைத் துளையின் எஃப் எண்ணால் வகுத்தது. வீட்டுக்குள் துளையை முழுதும் திறந்து எஃப் 3.5-இல் எடுத்தால் வட்டம் கிட்டத்தட்ட 0.2 மி.மீ.; படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கினால் 0.8 மி.மீ. ஆகிக் கண்ணை உறுத்தும். வெயிலில் எஃப் 16 வைத்தால் வட்டம் 0.04 மி.மீ.தான், கண் அதைப் புள்ளி என்றே ஏற்கும். கோளாறு அங்கும் இருக்கிறது. சிறிய துளை அதை மறைத்துவிடுகிறது.

சோதிப்பது எளிது. பிலிம் இல்லாத காமிராவின் பின்கதவைத் திறவுங்கள். மைக்ராஸ்கோப் ஸ்லைடு ஒன்றில் டிரேசிங் தாளைச் சுருக்கமின்றி ஒட்டி, தாள் லென்சை நோக்குமாறு, பிலிம் படியும் உள்தண்டவாளங்களின் மேல் குறுக்கே வையுங்கள். துளையை முழுதும் திறந்து, ஷட்டரைப் 'பி' நிலையில் திறந்தபடி பிடித்து, அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோபுரத்தையோ மரத்தையோ நோக்குங்கள். (சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பாதீர்கள்.) தாளில் பிம்பம் கூர்மையாகும் வரை குமிழைத் திருகி, உருப்பெருக்கியால் பாருங்கள். பிறகு குமிழைத் தொடாமல் மேல் திரையைப் பாருங்கள். அங்கும் கூர்மை எனில் கவலை இல்லை. குமிழ் முடிவிலிக் குறியில் நிற்கிறது, தாள் கூர்மை, திரை மட்டும் மங்கல் என்றால், குற்றம் மேல்மாடியில்: கண்ணாடி, ஆடி, மேல் லென்சு என்ற வரிசையில் தேடுங்கள். திரை முடிவிலியில் சரியாக இருந்து தாள் மங்கினால், கீழ் லென்சை யாரோ கழற்றி முழுதும் திருகாமல் விட்டிருக்கலாம். இரண்டும் ஒத்துப்போய்க் குறி மட்டும் விலகியிருந்தால் அது அளவுகோலின் பிழை. திரையைப் பார்த்து எடுக்கும் படத்துக்குக் கேடில்லை.

எப்போதும் கீழ் லென்சைப் பிலிமுக்குச் சரிசெய்த பின்னரே மேல் லென்சை அதற்கு இணங்க வைக்க வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கிய மெக்கானிக்குகள் நிறையவே உண்டு.

ஆடியில் விரல் படக்கூடாது. அதன் பூச்சு முன்பக்கத்தில் இருப்பதால் துணிபட்டாலே கீறும்; ரப்பர் ஊதுகுழல் போதும். அதற்குப் பதிலாக முகம் பார்க்கும் கண்ணாடியை வெட்டிப் பொருத்தினால், முன்பரப்பும் பின்பூச்சும் தனித்தனியே எதிரொளித்து இரட்டைப் பிம்பம் தரும்.

ஷட்டர் மெதுவான வேகங்களில் தயங்கினால், உள்ளே பழைய கிரீஸ் இறுகியிருக்கிறது என்று பொருள். எண்ணெய் விடாதீர்கள், அது இதழ்களில் பரவி ஒட்டிக்கொள்ளும். உட்பகுதியைப் பழகிய கைகளிடம் விடுங்கள். வேகத்தை அளப்பதை நீங்களே செய்யலாம். நொடிக்கு 240 சட்டம் எடுக்கும் கைப்பேசியால் ஷட்டரைப் படம்பிடித்தால், 1/8 நொடிக்கு ஏறத்தாழ 30 சட்டங்களில் அது திறந்திருக்க வேண்டும். 45 சட்டங்கள் வந்தால் பிலிமில் விழும் ஒளி எத்தனை மடங்கு? 1/2, 1/4 நொடிகளுக்கும் எண்ணிப் பார்த்து அட்டவணை போடுங்கள்.