பற்று நோட்டும் பேங்க் கணக்கும்



சில மாதங்களுக்கு முன் நம் கடைக்கு வந்த ஒருவர், இன்ன பையனின் பாக்கி எவ்வளவு என்று கேட்டார். பெண் கொடுக்க விசாரிப்பதாகச் சொன்னார். நாமும் யோசியாமல் 555 நோட்டைப் பிரித்துக் காட்டிவிட்டோம். சம்பந்தம் நின்றுபோயிற்று. அந்தப் பாக்கியோ, பையனின் தகப்பனார் மௌத்தான சமயத்தில் வீட்டுக்கு எடுத்த அரிசி பருப்பினால் ஏறியது. அதை நாம் அவரிடம் சொல்லவில்லை. தொகையை மட்டுமே காட்டினோம். தாயார் கடனை முழுதும் தீர்த்துவிட்டுப் போனார். பிறகு நம் கடைப் பக்கம் வரவில்லை. பிறர் கணக்கு நம் கையில் அமானிதம் என்று மதரஸாவில் ஓதியவர்கள்தாம் நாம்!

அதன் பின்னரே சட்டம் என்ன சொல்கிறதென்று படித்தவர்களிடம் கேட்டு அறியலானோம்.

நமது கெமாஸையே ஊரறியச் செய்த வழக்கொன்று இதில் உண்டு. இங்கே மாட்டுப் பண்ணை நடத்த அரசாங்கம் ஒரு கம்பெனிக்கு 25 கோடி வெள்ளி கடன் கொடுத்தது. அந்தக் கம்பெனியின் பேங்க் கணக்கு விவரங்களை 2012 மார்ச்சில் ரஃபிஸி ரம்லி பத்திரிகைக்காரர்களிடம் வெளியிட்டார். பொதுப்பணம் போன வழியைக் காட்டவே செய்ததாக அவர் தரப்பு சொல்லிற்று. ஆனால் 1989-ஆம் வருஷத்து பேங்க் சட்டத்தின் 97-ஆம் பிரிவில் அவர்மீது வழக்கு வந்தது. உடந்தை என்று ஒரு பேங்க் குமாஸ்தா மீதும் வந்தது. 2018 பிப்ரவரியில் இருவருக்கும் 30 மாத சிறை விதிக்கப்பட்டது. 2019 நவம்பரில் ஹைகோர்ட்டு இருவரையும் விடுவித்தது. கம்பெனித் தலைவர்மீது இருந்த நம்பிக்கை மோசடி வழக்கிலும் அவர் 2015-இல் விடுதலையானார்.

ஊழலைச் சொல்பவரைக் காக்க 2010-இல் ஒரு சட்டம் வந்திருந்ததே என்று கேட்கலாம். அது அதிகாரிகளிடம் போய்ச் சொன்னவருக்கான காவல், பத்திரிகையிடம் சொன்னவருக்கல்ல. இது நமக்கு முழு நியாயமாகப் படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

பழைய பேங்க் சட்டம் போய், 2013-இல் வந்த நிதிச் சேவைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு இப்போது அந்த ரகசியத்தைக் காக்கிறது. மீறினால் ஐந்து வருஷம் வரை சிறை, ஒரு கோடி வெள்ளி வரை அபராதம். கணக்குக்காரர் எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும். சம்மதமின்றிக் கொடுக்க இடமுள்ளவை சிலவே: கோர்ட்டு உத்தரவு, குற்ற விசாரணை, சட்டப்படி வரி இலாகா கேட்பது போன்றவை. மனைவி கேட்டாலும் மாமனார் கேட்டாலும் பேங்க் சொல்லாது.

பிள்ளைகளின் படிப்பு விவரங்களுக்கு 2010-ஆம் வருஷத்து தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2013 நவம்பர் முதல் நடப்பில் உள்ளது. தனியார் கல்லூரியும் டியூஷன் நிலையமும் இதற்குக் கட்டுப்பட்டவை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குப் பெற்றோரே சம்மதம் தரவேண்டும். தன் விவரத்தைத் தானே கேட்டுப் பெறவும் உரிமையுண்டு. மத்திய, மாநில அரசாங்கங்களுக்கு மட்டும் இச்சட்டம் பொருந்தாது. நம் பிள்ளைகளில் பலர் அரசாங்கப் பள்ளியில் படிக்கையில் இது பெரிய ஓட்டையே!

கடைக்காரர்களும் தப்பியதாக நினைக்க வேண்டாம். இச்சட்டம் வியாபார நிமித்தம் வைத்திருக்கும் விவரங்களைப் பற்றியதே. 2025 ஏப்ரல் முதல் அபராதம் பத்து லட்சம் வெள்ளி வரை உயர்ந்திருக்கிறது.

படிப்புதவி கேட்டு மனுச் செய்வோரின் சம்பளச் சீட்டுகளைக் கூட்டத்தில் வாசிக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால், அதை நிறுத்தி, மனுவைப் பார்க்கும் இரண்டொருவர் கையிலேயே வைத்துப் பூட்டிவிடலாம். நம் 555 நோட்டு இப்போது கல்லாப் பெட்டிக்குள் இருக்கிறது.