பந்தயத்திற்கு முன் குதிரையை அமைதிப்படுத்துதல்

கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரிக்கு நிற்கும் குதிரைகள் கூட்டத்திற்கும் மோட்டார் ஒலிக்கும் பழகியவை. வண்டிப் பந்தயத்திற்கு இறக்கப்படும் இளம் குதிரைக்கோ மேளமும் விசிலும் புதிது. மிரண்டால் புறப்படும் முன்னரே வியர்த்துக் களைத்துவிடும். கூட்டத்திற்குள் பாய்ந்து உயிர்ச்சேதம் விளைவிப்பதும் உண்டு.

ஓய்விலுள்ள வளர்ந்த குதிரையின் நாடி நிமிடத்திற்கு 28 முதல் 44 வரை இருக்கும். கீழ்த்தாடை எலும்பின் உட்புறம் விரல் வைத்து இதை அறியலாம். நாடி மிகுந்து காணப்பட்டால் பலரும் நெற்றியில்தான் தட்டிக் கொடுக்கின்றனர். நெற்றிக்கு நேர் எதிரே வரும் கை குதிரையின் கண்ணுக்குத் தெரியாது! பக்கவாட்டில் நின்று, பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டைச் சொறிந்து விடவும். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்து கொள்ளும் இடம் இதுவே. இவ்வாறு செய்தால் இதயத் துடிப்பு குறைவது ஆய்வில் கண்டறியப்பட்டுள்ளது.

கட்டி நிறுத்தாமல் மெதுவாக நடத்தி வருதல் நலம். சாராயம் புகட்டுவதை அறவே தவிர்க்கவும். அப்படியும் அடங்காத குதிரையை அன்று வண்டியில் பூட்டக்கூடாது.