களத்து மேட்டில் கூரையுள்ள மர பெஞ்சு

கிணற்றடியிலும் களத்து மேட்டிலும் உட்கார ஓர் இடம் வேண்டும் என்பது சிறு விவசாயிகள் பலருக்கும் உள்ள ஆசை. காயும் கடலைக்குக் காவல் இருக்கும் முதியவர்களும், களையெடுத்துவிட்டுக் கஞ்சி குடிக்க வரும் பெண்களும் பங்குனி, சித்திரை வெயிலில் ஒதுங்க நிழல் தேடி அலைகிறார்கள். நான்கு சவுக்குக் கம்பை நட்டு, மேலே கீற்றைப் போட்டு, நடுவில் ஒரு பலகையை அடித்துவிட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கின்றனர். இரண்டாவது மழைக்காலத்தில்தான் அதன் குறை தெரியவரும். வெளியே பார்த்தால் கால் நன்றாகவே இருக்கும். மண்ணுக்கு ஓரங்குலம் கீழே கறையான் தின்று கூடாக்கியிருக்கும். மூன்று பேர் சேர்ந்து உட்காரும்போது முறியும். இளைஞர்களுக்குச் சிராய்ப்போடு போகும். வயதானவர்களுக்கு இடுப்பெலும்பே போய்விடும்.

ஆகவே முதல் விதி, மரம் மண்ணைத் தொடக்கூடாது. மூன்றரை அடி நீளமுள்ள வேலிக் கல்கால் நான்கு வாங்கி, இரண்டு அடி மண்ணுக்குள்ளும் ஒன்றரை அடி வெளியிலும் இருக்குமாறு நட்டு, சுற்றிலும் ஜல்லி போட்டு இடிக்க வேண்டும். நீளவாட்டில் கல்லுக்குக் கல் 6 அடி, அகலவாட்டில் 3 அடி. கல் தச்சரிடம் சொல்லி ஒவ்வொரு கல்லிலும் இரண்டு துளை போட்டுக்கொண்டு, மரக்காலைக் கல்லோடு ஒட்ட வைத்து அரை அங்குல போல்ட்டுகளால் முடுக்கலாம். மரத்தின் அடி, தரையிலிருந்து 4 அங்குலம் உயரத்தில் நிற்கட்டும். கறையான் கல்லின் மேலும் ஏறும், சந்தேகமில்லை. ஆனால் மண்கோடு கட்டிக்கொண்டுதான் ஏறும். அது கண்ணுக்குத் தெரியும். பத்து நாளைக்கு ஒருமுறை துடைப்பத்தால் தட்டிவிட்டால் போதும். முன்பு பி.எச்.சி., ஆல்டிரின் போன்றவற்றைக் குழியில் தூவுவது வழக்கமாக இருந்தது. அவை 1990-களில் தடை செய்யப்பட்டுவிட்டன. பழைய பொட்டலம் வீட்டில் கிடந்தாலும் அதை எடுக்க வேண்டாம்.

மரம் தேர்வில்தான் பணம் வீணாவதும் மிச்சமாவதும். எந்த மரமானாலும் நடுவிலுள்ள வைரம்தான் உழைக்கும். பட்டையை ஒட்டிய வெளுத்த பகுதியை உளுப்பூச்சி விடாது. பனை இதற்கு நேர்மாறு. அதன் வெளிப்புறம் கறுத்து இரும்பாக இருக்கும், உள்ளே சோறுதான். எனவே பனையில் சட்டம் எடுக்கும்போது வெளிச்சுற்றை மட்டும் கொண்டு, உள்பாகத்தைச் செதுக்கித் தள்ளிவிட வேண்டும். இதற்காகப் பச்சைப் பனையை வெட்டப் போக வேண்டாம். தமிழகத்தில் பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என 2021-இல் அரசு அறிவித்தது. இடித்த ஓட்டு வீடுகளின் பழம் பனஞ்சட்டம் ஊருக்கு ஊர் கிடைக்கிறது. நான்கு கால்களுக்கும் வளைக்கும் அதைவிடச் சிறந்த சரக்கு இல்லை.

உட்காரும் சட்டங்களுக்கு வாகை, வேம்பு, கருவேலம் மூன்றும் ஏற்றவை. வேம்பு ஈரத்தோடு அறுத்துப் போட்டால் முறுக்கிக்கொள்ளும். அறுத்தபின் இடையிடையே குச்சி வைத்து நிழலில் அடுக்கி, மேலே பாரம் ஏற்றி நாலைந்து மாதம் காயவிட வேண்டும். கருவேலங்கட்டையைக் குளத்து நீரில் ஊறப்போட்டு எடுக்கும் பழைய வழக்கத்துக்குக் காரணம் உண்டு. மரத்திலுள்ள சர்க்கரைச் சத்து நீரில் கரைந்து போவதால் உளுப்பூச்சிக்குத் தீனி குறைகிறது. வேலிகளில் வளரும் சீமைக் கருவேலத்தையும் ஒதுக்க வேண்டாம். நீளமான பலகை அதில் கிடைக்காது என்றாலும், வைரம் சுருங்காது, வெடிக்காது. குட்டைக் காலுக்கு அதுவே போதும். மாம்பலகை வெளியில் நிற்காது. சவுக்கு, கூரைக் கைமரத்துக்கு மட்டும்.

இருக்கை தரையிலிருந்து 17 அங்குல உயரம். இருபக்கமும் முன்காலையும் பின்காலையும் இணைத்து ஒரு குறுக்குச் சட்டம், நடுவில் தட்டைக் கல்லின் மேல் நிற்கும் இரண்டு குட்டைக் கால்களில் இன்னொன்று. இந்த மூன்றின் மேலும், பின்காலை ஒட்டி, 3½ அங்குல அகலமும் 1¼ அங்குலக் கனமும் உள்ள ஐந்து சட்டங்களைக் கால் அங்குல இடைவெளி விட்டு நீளவாட்டில் பதிக்க வேண்டும். ஒரே அகலப் பலகையாகப் போட்டால் வெயிலில் வில்லாக வளையும், சாரல் நீரும் அதில் தேங்கும். பின்பக்கம் அரை அங்குலம் தாழ்வாக இருந்தால் நீர் வடியும். சாய்ந்து உட்காரவும் சுகம். இருக்கைக்கு முன்னே ஒன்றரை அடி காலியாக நிற்பது வீண் இடமல்ல. காலை நீட்டிக்கொள்ளவும், சாரல் மடியில் விழாமலிருக்கவும் அது தேவை.

கழுந்து செருகும் துளைகளில் நீர் நின்றால் அங்கேதான் முதலில் உளுக்கும். துளையின் அடியில் பென்சில் கனத்துக்கு ஒரு வடிகால் துளை இட்டுவிட வேண்டும். கருவேலத்தில் இரும்பு ஆணி அடித்தால் மரத்தின் துவர்ப்பால் சுற்றிலும் கறுத்து, ஆணி அரித்துப் போகும். மர ஆணியோ துத்தநாகம் பூசிய போல்ட்டோ நல்லது.

கூரைக்கு இரட்டைச் சாய்ப்பே சிறந்தது. காலின் தலை தரையிலிருந்து ஏழரை அடி, அதற்கு மேல் முகடு ஒன்றரை அடி. கைமரம் நாலரை அடி வெட்டினால் இருபுறமும் ஒன்றரை அடி இறவாணம் கிடைக்கும். அதன் நுனி ஆறடி உயரத்தில் நிற்பதால் தலை இடிக்காது. சாய்வைக் குறைத்தால் கீற்று ஒழுகும். தென்னங்கீற்றைவிடப் பனையோலை கூடுதல் காலம் தாங்கும். தகரம் போடுவோர் அதன் மேல் கீற்றையும் பரப்பட்டும். வெறும் தகரத்தின் கீழ் மதியம் உட்கார முடியாது. ஆடிக்காற்று கூரையை மேலே தூக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். காலும் வளையும் சேருமிடங்களில் ஒன்றரை அடிச் சாய்கட்டை ஒன்று கொடுத்து, கைமரங்களை வளையோடு கம்பியால் இறுக்கிக் கட்ட வேண்டும்.

பெஞ்சின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தால், சாயங்கால வெயில் மேற்கு ஓரத்தில் மட்டுமே விழும். அங்கே ஒரு கீற்றுத் தட்டி வைத்தால் தீர்ந்தது. தென்னையின் அடியில் இடம் பிடிக்கக் கூடாது. மட்டையும் காயும் விழும். தனியாக உயர்ந்து நிற்கும் மரத்தடியும் ஆகாது. இடி மின்னல் நேரத்தில் இந்தக் கூரை நனையாமல் காக்குமே தவிர உயிரைக் காக்காது. அப்போது வீட்டுக்கோ காரைக் கட்டடத்துக்கோ போய்விட வேண்டும்.

பூச்சுக்கு, இருக்கையின் மேல் ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை போதும். கால்களின் அடிப்பாகத்துக்கு முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெய் பூசலாம். அது தோலைப் பொத்துவிடும். ஆதலால் கையுறை அவசியம், உட்காரும் இடத்தில் கூடவே கூடாது. கழிவு எஞ்சின் எண்ணெயையும் இருக்கையில் தடவ வேண்டாம். ஆர்சனிக் கலந்த மருந்தூட்டிய பழைய கம்பங்கள் மலிவாகக் கிடைத்தாலும் சோறு தின்னும் இடத்துக்கு அவை ஆகாதவை. அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு அந்த மருந்தை ஊட்டுவது 2003 இறுதியோடு நிறுத்தப்பட்டது. மருந்தடிக்கும் கருவியை பெஞ்சின் மேல் வைக்கும் வழக்கத்தையும் விட வேண்டும்.

முதல் கோடையில் மரம் சுருங்கி போல்ட்டுகள் தளரும். வைகாசியில் ஒருமுறை எல்லாவற்றையும் முடுக்கிவிட்டு, ஆடிக்கு முன் கூரைக் கட்டுகளையும் பார்த்துவிட வேண்டும்.