கிடைத்தற்கரிய நூலைத் தேடும் நெறி

வையம்பட்டியில் உறவினர் இல்லத்தில் யாம் தங்கியிருந்தபோது, ஊர் எல்லையில் ஐயனாரைக் கண்ட பேர்த்தி, "பாட்டி, இத்தெய்வங்களைப் பற்றிப் பழைய நூல் ஏதேனும் உண்டா?" என வினவினாள். உண்டென அறிவோம், பெயர்தான் நினைவில் இல்லை.

நூலகப் பட்டியலில் 'தமிழ்' என்னும் சொல்லைக் கொண்டு தேடினோம், கிட்டவில்லை. பிழை எம்முடையதே. அக்கால ஐரோப்பியர் தமிழரை 'மலபாரியர்' என்றே குறித்தனர். அச்சொல்லால் தேடியபின் நூல் அகப்பட்டது.

நூலின் வரலாறு

1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த செருமானியப் பாதிரியார் சீகன்பால்கு, ஓலைச்சுவடிகளைத் திரட்டியும் தமிழறிஞர்க்கு மடல் விடுத்து விடை பெற்றும், தென்னாட்டுத் தெய்வங்களின் மரபுவழியைத் தம் தாய்மொழியில் எழுதினார். ஆண்டு 1713. பராபரவஸ்து, மும்மூர்த்திகள், கிராமதேவதைகள், தேவர்கள் என அது நான்கு பகுதிகள் உடையது. பேர்த்தி கேட்ட ஐயனார் மூன்றாம் பகுதியில் உள்ளார்.

பிற சமயத்தை நீக்கச் சென்றவர் அச்சமயக் கதைகளை ஐரோப்பாவில் பரப்புதல் தகாதென மேலிடத்தார் கருதினர். ஆதலின் நூல் 154 ஆண்டுகள் அச்சேறவில்லை. 1867 இல் செர்மான் என்பார் சென்னையில் பதிப்பித்தார். எனினும் மூலத்தில் மாற்றங்கள் செய்தார். அதன் ஆங்கில ஆக்கம் 1869 இல் வந்தது. மூலவடிவத்தை 2003 இல் தானியேல் ஜெயராஜ் வெளியிட்டார். 2005 இல் ஆங்கிலத்திலும் தந்தார். எனவே, நூற்பெயரோடு பதிப்பாண்டையும் நோக்குதல் இன்றியமையாதது.

நாம் கொள்ளும் பாடம்

சீகன்பால்கு இத்தெய்வங்களை ஏற்றவரல்லர். எனினும் கேட்டறிந்தே எழுதினார். நம் நெறியில் தேவரும் வினைக்கட்டுடைய பிறவியரே, வீடுபேறு அளிப்பவரல்லர். ஆயினும் பிறர் கொள்கையை அவர் நோக்கில் நின்று அறிதல் அநேகாந்தம் புகட்டும் பண்பன்றோ!

இன்னொன்றும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். எம் பிறந்தகத்துப் பரணில் இருந்த ஏட்டுக்கட்டு செல்லரித்துப்போக, அதனை ஆற்றில் விட்டனர். அஃது எந்நூல் என எவரும் பிரித்துப் பார்க்கவில்லை, யாமும் பார்க்கவில்லை. அதனை இனி எப்பட்டியலில் தேடுவது?

சுருத பஞ்சமியன்று ஏடுகளுக்குச் சந்தனமிட்டு வணங்குகிறோம். அன்றே கட்டவிழ்த்து, நூற்பெயர், ஏட்டின் எண்ணிக்கை, எழுதியவர் பெயர் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுவோம். படிக்க இயலாவிடின் அறிந்தாரிடம் காட்டுவோம். படியெடுத்துப் பிறர்க்கு அளிப்பதே சாத்திர தானம். பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். நாளை தேடப்போகிறவர்கள் அவர்களே.