பொன்னாடையோடு ஒரு நூல்

கேள்வி: முதியவர்களுக்கு வாழ்க்கைக் கதை எழுதப் பல்லாண்டாகச் சொல்லித்தரும் எங்கள் ஆசிரியைக்குப் பாராட்டு விழா எடுக்கிறோம். மாலை, பொன்னாடை தவிர வேறென்ன செய்யலாம்?
– வாசகி, செமினி

பதில்: அவரிடம் பயின்றவர்கள் எழுதியதை நூலாக்குங்கள், அம்மா. நம்மிடம் நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. ஆசிரியராகப் பணியாற்றிய எழுத்தாளர் அ. ரெங்கசாமி, சயாம் மரண ரயில் பாதைக்குப் போய் மீண்டவர்களின் அனுபவங்களைக் கேட்டு ‘நினைவுச் சின்னம்’ நாவலை எழுதினார். அவருக்கு 2014இல் வல்லினம் விருது வழங்கப்பட்டபோது, ‘சூதாட்டம் ஆடும் காலம்’ என்ற அவரது வாழ்வனுபவ நூலும் வெளிவந்தது. என்னைக் கேட்டால், ஓர் எழுத்தாளருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய மரியாதை அதுதான்.

மரண ரயிலுக்குப் போன நம்மவர்களில் பெரும்பாலோர் ஒரு வரிகூட எழுதாமலே போய்விட்டார்கள். பால்மரம் வெட்டிய கைகளைப் பேனா பிடிக்க வைத்த ஆசிரியையின் உழைப்பு அதனால்தான் பெரிது.

அச்சிட்டதும் 5 பிரதிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படையுங்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயமும்கூட. எழுதியவர்களின் தோட்டப் பெயர்களையும் நூலில் மறக்காமல் சேருங்கள். செமினி வட்டாரத்திலேயே பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன.