உழைக்கும் பை

காஞ்சிபுரத்திற்கு அண்மையில் கூரம் என்னும் சிற்றூர் உள்ளது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் அங்கே சிவபெருமானுக்குக் கோயில் எடுப்பித்தான். அவ்வூரில் ஏரி அமைத்து, பாலாற்றினின்றும் கால்வாய் கொணர்ந்த செய்தியைக் கூரத்துச் செப்பேடு கூறுகிறது. இராமானுசரின் தலைமாணாக்கராகிய கூரத்தாழ்வான் பிறந்த ஊரும் இதுவே.

ஏரிநீரை நம்பி வாழும் இத்தகைய ஊர்களில் கோடை ஓய்வுக் காலமாகும். சம்பா அறுவடை தை, மாசித் திங்களில் முடிந்துவிடும். சித்திரை, வைகாசியில் நீர் வற்றிய வயல்கள் வெடித்துக் கிடக்கும். பள்ளிக்கும் விடுமுறை. நண்பகல் வெயிலில் தெருவில் நடப்பார் இலர். ஆண்டு முழுவதும் உழைத்த உடலுக்கு இவ்வோய்வு உரியதே. இதனைச் சோம்பல் என்று பழித்தல் தகாது. எனினும், திண்ணை நிழலில் அமர்ந்து, பேசிச் சிரித்தபடியே செய்யத்தக்க கைத்தொழில்களும் உண்டு. அவற்றுள் ஒன்று துணிப்பை தைத்தல்.

துணிப்பை நம் நாட்டிற்குப் புதியதன்று. திருமண வீட்டில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் இட்டு விருந்தினர்க்கு வழங்குவது மஞ்சள் பையிலேதான். நெகிழிப் பை பெருகியபோது அதன் மதிப்புக் குறைந்தது. மஞ்சள் பையுடன் நகருக்கு வந்தவனை நாட்டுப்புறத்தான் என்று நகைத்தவரும் உண்டு. ஆனால், எறியப்பட்ட நெகிழி மண்ணில் மட்கவில்லை, சாக்கடையை அடைத்தது, மேயும் பசுவின் வயிற்றிலும் புகுந்தது. ஆகவே, ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றிற்குத் தமிழ்நாட்டரசு 2019-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொட்டுத் தடை விதித்தது. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்னும் இயக்கம் தொடங்கப்பெற்றது. நகைப்புக்கு இடமான பை பெருமைக்கு உரியதாயிற்று. தையல் அறிந்த மகளிர்க்கும், அவர்தம் சுய உதவிக் குழுக்களுக்கும் புதியதொரு வேலை கிடைத்தது.

துணியாலாகிய பை எதுவாயினும் நன்மையே தரும் என்று எண்ணிவிடலாமா? பருத்தியை விளைக்க நீர் வேண்டும். நூற்கவும் நெய்யவும் சாயம் ஏற்றவும் ஆற்றல் வேண்டும். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. புவியை வெப்பமுறச் செய்யும் தன்மையில், ஒருமுறையே பயன்படும் மெல்லிய நெகிழிப் பையினும் பருத்திப் பை மேம்பட வேண்டுமாயின், அதனை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்பது அதன் கணக்கு. வாரம் ஒருமுறை சந்தைக்குச் செல்பவர் இரண்டரை ஆண்டுக் காலம் அப்பையையே எடுத்துச் செல்ல வேண்டும். இரண்டே மாதத்தில் காது அறுந்து மூலையில் கிடக்கும் பையால் யாருக்கு என்ன பயன்? ஆதலின், பையின் நன்மை துணியில் மட்டும் இல்லை. தைப்பவர் கையிலும் இருக்கிறது.

நல்ல பைக்கு முதல் வேலை, துணியை நீரில் நனைத்து உலர்த்துதல். பின்னர்ச் சுருங்காமல் இருத்தற்கு இதுவே வழி. உலர்ந்த துணி 90 சென்டிமீட்டர் அகலமும் 2 மீட்டர் நீளமும் உடையதாயின், அதில் நான்கு பைகள் தைக்கலாம். பை ஒன்றிற்கு நீளத்தில் 38 சென்டிமீட்டர் வீதம் 152 சென்டிமீட்டர் செலவாகும். எஞ்சிய 48 சென்டிமீட்டர்த் துண்டை, 10 சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாக வெட்டினால் ஒன்பது பட்டைகள் கிடைக்கும். எட்டு, நான்கு பைகளின் காதுகளுக்காகும். மிஞ்சும் ஒன்று ஒட்டுப்போட உதவும். அளந்து வெட்டுபவர்க்கு வீண் இல்லை.

காதுப் பட்டையை நான்காக மடித்துத் தைத்தல் வேண்டும். பையின் வாயோடு அதனை இணைக்குமிடத்தில் ஒற்றைத் தையல் போதாது. சதுரமாகத் தைத்து, அதனுள் மூலைக்கு மூலை குறுக்காகவும் தைத்தால், சுமை ஒரே நூலில் விழாமல் பரந்து நிற்கும். பக்கத் தையலை இருமுறை மடித்துத் தைத்தால் பிசிறு வெளிவராது. உட்புறத்தை வாங்குவோர் பார்ப்பதில்லை. ஆயினும் அரிசியும் பருப்பும் அங்கேதான் தங்குகின்றன.

விலையைக் குறிப்பதிலும் நேர்மை வேண்டும். துணி, நூல், ஊசி ஆகியவற்றின் செலவோடு தைத்த நேரத்திற்குரிய கூலியையும் சேர்த்தல் முறை. வீட்டில் ஓய்வில் செய்த வேலைதானே என்று கூலியை விட்டுவிடுவோர், தம் உழைப்பைத் தாமே குறைத்து மதிப்பிடுகின்றனர். அவ்வாறு மலிவாக விற்பது, அத்தொழிலையே நம்பி வாழும் பிறர் கூலியையும் கெடுக்கும்.

வைகாசியில் காஞ்சி வரதராசப் பெருமாளின் கருடசேவை காணத் திரளான மக்கள் வருவர். விழாக் கடையில் பை வாங்கும் ஒருவர் தைத்தவர் பெயரை அறியார். ஆனால், மூன்றாம் ஆண்டிலும் அப்பை காய்கறிச் சுமையைத் தாங்குமாயின், அதுவே தைத்தவர்க்குப் புகழுரையாகும். கோடையின் சில மணி நேரம் அவ்வாறு பல கோடைகளுக்கு உழைக்கும்.